ஜில் தண்ணீரும் மரியதாஸின் கையும்

மரியதாஸின் வேலை போனதற்கு அவருடைய கை காரணம் இல்லை. எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர்தான் காரணம். முதல் சில வாரங்கள் தெரியாமல் செய்தார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த மலரை அச்சிடுகிறவர்கள் பயந்துபோய்க் கட்டுரையையே எடுத்துவிடுவார்கள். ஆனால் அவர் இதைப் படிப்பார். நம் சங்கத்துக்கு அவர்தான் இப்போது ஆலோசகர். சங்கம் அனுப்பும் எல்லாவற்றையும் அவர் படிக்கிறார்.

ஹீட் ட்ரீட்மென்ட் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என்னென்ன சாதித்தேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் எங்கள் தொழிற்சாலை. உலோகவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே வெப்பப் பதனிடும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண்கள் இருந்தார்கள். மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் நான் ஒருத்திதான் பெண். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினால் போய் நிற்க எனக்கு வேறு கும்பல் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த முக்கியமான வேலை ஓர் அலுமினியச் சட்டம். பெங்களூரில் ஒரு கருவிக்கு அடியில் உட்காரும் சட்டம் அது. கனமான கட்டியாக வரும். முதலில் எங்கள் உலையில் நன்றாகச் சூடேற்றுவோம். சூடு குறைவதற்குள் சட்டென்று தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். பிறகு குறைந்த சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பலமேற்றுவோம். அதற்குப் பிறகு மில்லிங் மெஷினில் மரியதாஸ் அதைக் குடைந்து, மெல்லிய சுவர்கள் கொண்ட சட்டமாக்குவார். உலையைப் பார்த்துக்கொண்டவர் பழனி.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சூடான கட்டி தண்ணீரில் விழுந்தால் வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகும். உள்ளே அப்போதும் சூடுதான். உள்ளே குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது வெளிப்பக்கம் விடாது. அந்த இழுபறி தீராமல் உள்ளேயே தங்கிவிடும். பாடப் புத்தகத்தில் இதை எஞ்சிய தகைவு என்று எழுதியிருப்பார்கள். ஷாப்பில் நாங்கள் "உள்ள இழுப்பு இருக்கு" என்போம். கட்டியாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது, எல்லா இழுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் குடைந்து எடுத்ததும் மிச்சம் வளையும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ, இழுப்பு அவ்வளவு அதிகம். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி உங்களுக்குப் புரியும்.

அந்த வருடம் கோடையில் மெட்ராஸ் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். கிணறு அடி தெரிந்தது. தொட்டித் தண்ணீரை மாற்ற வழியில்லை. குறைந்தால் லாரித் தண்ணீர் கொஞ்சம் விடுவோம், அவ்வளவுதான். மூன்று ஷிஃப்டும் உலை ஓடியது. சூட்டுக் கட்டிகள் விழுந்து விழுந்து தொட்டித் தண்ணீர் எப்போதும் கை வைக்க முடியாத சூட்டில் கிடந்தது. அழுக்காக இருந்தது. நாற்றம் வேறு. எல்லோரும் திட்டினோம். அந்தக் கோடை முழுக்க மரியதாஸ் குடைந்த சட்டங்கள் கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூசைக்கு முன்னால் மழை பெய்து கிணறு ஏறியது. எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பூசைக்கு மெஷின்களைக் கழுவித் துடைப்பதோடு தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் குங்குமம் வைப்போம். அந்த வருடமும் செய்தோம். மேனேஜர் அப்போதுதான் வேறு கம்பெனியிலிருந்து வந்திருந்தார். எஃகு வேலையில் பழகியவர். தெளிந்து கிடந்த தொட்டியைப் பார்த்து அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

"இதுதான் தொட்டி. இத்தனை நாள் சாக்கடைல வேலை செஞ்சிருக்கீங்க. இனிமே டெய்லி ஃப்ரெஷ் வாட்டர். எவ்ளோ ஜில்லுன்னு இருக்கோ அவ்ளோ ஸ்ட்ராங்கா வரும்" என்றார்.

பூசைக்கு அடுத்த வாரம் மரியதாஸ் என்னைக் கூப்பிட்டார். அவர் பல்லாவரத்துக்காரர். நிறையப் பேசுவார். அன்று குரல் இறங்கியிருந்தது.

"மேடம், இது இன்னா மேடம்? கிளாம்ப்ல கீறப்போ நேரா கீது. கழட்டி வுட்டா எழுந்து குந்திக்குது."

பார்த்தேன். மெஷினில் பிடித்திருந்தபோது, கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் அசையவே இல்லை. கிளாம்பைத் தளர்த்தியதும் சட்டத்தின் இரண்டு முனையும் மேலே வந்தன. கண்ணாலேயே தெரிந்தது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஷாப்பில் கிண்டல் ஆரம்பித்தது.

"பூசைல மனசில்லாம நின்னுக்கினு இருந்தான்பா. மெஷின் கோச்சுக்கிச்சு."

"டேய், பொரி கடல வாங்க நான்தான்டா மொத ஆளு. சந்தனம் வெச்சதே நானு. சிலுவை போட்டவன்னா மெஷினுக்குக் கண்ணு தெரிஞ்சிடுமா?"

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சில நாள் கழித்து மற்றவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

மேனேஜரிடம் போய்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கோடையில் தண்ணீர் சூடாக இருந்தது, சட்டம் வளையவில்லை. இப்போது குளிர்ந்திருக்கிறது, வளைகிறது என்றேன். உலைக்கு ஒரு நாள் கொடுங்கள், சோதித்துக் காட்டுகிறேன் என்றேன். உற்பத்தி நிற்கும் என்று மறுத்தார். "மேடம், ஹார்ட்னஸ் கரெக்டா வருதா? வருது. அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட்ல என்ன பிராப்ளம்?" என்று கேட்டார். ஹார்ட்னஸ் சரியாகத்தான் இருந்தது. உலோகம் எவ்வளவு கடினம் என்று மட்டும்தான் ஹார்ட்னஸ் காட்டும். உள்ளே எவ்வளவு இழுப்பு என்று காட்டாது. இதை நான் சொன்னபோது அவர் போனை எடுத்துவிட்டார்.

வளைந்த சட்டங்களைக் கை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி நேராக்கச் சொன்னார். பலமேறிய பிறகு இப்படிச் செய்யாதீர்கள். அழுத்தினால் கோணல் போகும், இழுப்பு போகாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதோடு நீங்கள் கொடுத்ததும் சேர்ந்துகொள்ளும். அழுத்துவதாக இருந்தால், தண்ணீரிலிருந்து எடுத்து உலோகம் மிருதுவாக இருக்கும்போதே, முழுக் கட்டியையும் ஒரே சீராகக் கொஞ்சம் அழுத்த வேண்டும். அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும். எங்களிடம் கிடையாது. எங்களிடம் இருந்த கை பிரஸ்ஸை வைத்து அளவை மட்டும் சரிக்கட்டினோம். சட்டங்கள் நேராகவே பெங்களூர் போய்ச் சேர்ந்தன. அங்கே திருகாணிக்கு ஓட்டை போட்டதும் மறுபடி வளைந்தன. மொத்தமும் திரும்பி வந்தது.

பெட்டிகளோடு வாடிக்கையாளரின் இன்ஜினியரும் வந்தார். ஷாப் நடுவில் நின்று, ஏன் இப்படி என்று கேட்டார். அந்த நேரத்தில் மேனேஜர் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள். "இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு பதில் வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் ஓர் ஆள் நின்றார்.

வளைந்த சட்டம் ஒன்றை எடுத்து மரியதாஸின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது ஜாபா, வாழைப்பழமாய்யா? மார்க்கெட்ல வெச்சு வித்துட்டு வா!"

ஷாப்பே சிரித்தது. பெங்களூர்க்காரரும் சிரித்தார்.

"இவருக்குக் கை போச்சு சார். கண்டபடி டைட் பண்றார். வேற ஆளைப் போடறோம்."

"தண்ணியாலதான் சார் வளையுது" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"மேடம், நீங்க லேபுக்குப் போங்க. இங்க மெஷினிங் பேசிக்கிட்டு இருக்கோம்."

பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் ரயிலைப் பிடிக்க ஒரு பதில் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது.

பெயருக்கு ஒரு விசாரணை வைத்து மரியதாஸை வெளியே அனுப்பினார்கள். அவர் தன் சொந்த டயல் கேஜைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். கேட் வரை கூடப் போனது நான் மட்டும்தான்.

"வுடுங்க மேடம். எனுக்கோசரம் நீங்க பேஜார் ஆவாதீங்க" என்றார். பிறகு, "நெஜமாவே ஓவரா டைட் பண்ணிட்டனா மேடம்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதைக் காட்டுவதற்கு அன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லை. வெறும் வாயால் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நன்றாக வேலை தெரிந்த ஒருவரைத் தன் கையையே சந்தேகப்பட வைத்து அனுப்பினார்கள். வேலை போனதை விட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் மெஷினுக்கு ரவி என்று ஒருவரைப் போட்டார்கள். ரவி குடைந்த சட்டமும் வளைந்தது. லேசாகத்தான் கிளாம்ப் போட்டார். அப்படியும் வளைந்தது. ரவி என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், அடுத்தது என் கழுத்துதான். ஏதாவது செய்யுங்க."

பொங்கலுக்கு உற்பத்தியை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். அப்போது உலை காலியாக இருந்தது. ஒரே கட்டியை இரண்டாக அறுத்தோம். பழனி இரண்டையும் ஒன்றாகச் சூடேற்றினார். ஒன்றைப் புதுத் தண்ணீரில் போட்டோம். இன்னொன்றைக் கை வைக்க முடியாத வெந்நீரில் போட்டோம். பிறகு இரண்டையும் ஒன்றாகவே பலமேற்றினோம். ரவி ஒரே மெஷினில், ஒரே மாதிரி பிடித்து இரண்டையும் குடைந்தார். கிளாம்பைக் கழற்றும் முன் நானே போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஜில் தண்ணீரில் போட்டது எழுந்து உட்கார்ந்தது. வெந்நீரில் போட்டது படுத்தபடியே கிடந்தது. அதன் அடியில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியவில்லை.

பழனி வாய்விட்டே சொன்னார்: "அட, தண்ணிதான்!"

மேனேஜர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைந்ததைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "இதை வெளிய பேச வேணாம்" என்றார்.

பொங்கல் முடிந்து திரும்பி வந்தபோது தொட்டிக்குள் நீராவிக் குழாய் இறங்கியிருந்தது. சூடு பார்க்க ஒரு மானியும் மாட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு சட்டங்கள் வளையவில்லை.

உடனே எல்லாத் தொட்டியையும் சுடவைக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். வெந்நீரில் போட்டால் பலம் கொஞ்சம் குறையும். கட்டி ரொம்பத் தடிமனாக இருந்தால் நடுவில் அதிகமாகவே குறையும். எவ்வளவு குறையலாம் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவர்தான். கேளுங்கள். நாங்கள் ஒரு துண்டை இழுத்து முறித்துப் பார்த்து, பெங்களூருக்குச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே அனுப்பினோம். கட்டியாகவே தண்ணீரில் போடாமல், முதலில் ஓரளவு குடைந்துவிட்டுப் பிறகு சூடேற்றிப் போட்டால் இழுப்பு இன்னும் குறையும். அதையும் பின்னால் செய்தோம். இன்னொன்றும் சொல்கிறேன். கிளாம்ப் போட்டிருக்கும்போது டயல் கேஜ் காட்டுவதை நம்பாதீர்கள். கழற்றிய பிறகு காட்டுவதை நம்புங்கள்.

வழக்கமாகத் திங்கள்கிழமை காலையில் ஷாப்பில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் பேசுவார். குழாய் இறங்கிய பிறகு ஒரு திங்கள்கிழமை, கழிவு குறைந்துவிட்டது என்று பாராட்டினார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், அப்போ மரியதாஸ்?"

"அது முடிஞ்ச கதை மேடம்."

"முடியல சார். அவரை வெளிய அனுப்பினீங்க. வளைஞ்சது தண்ணியால. அதை இங்க, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவரைத் திரும்பக் கூப்பிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். "மேடத்துக்கு மரியதாஸ் மேல ஏன் இவ்ளோ அக்கறைன்னு எனக்குத் தெரியல" என்றார்.

ஒருவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. பழனியைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவி கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இருவரும் கண்ணால் பார்த்தவர்கள்.

அதற்குப் பிறகு என்னுடன் நின்று பேசுகிறவர்களுக்கு மோசமான ஷிஃப்ட் விழுந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். அதுவரை அக்கா என்று கூப்பிட்ட சிலரும் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மதியம் சாப்பிட உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் சீக்கிரமாகவே சாப்பிட்டு எழுந்தார்கள். கொஞ்ச நாளில் சீக்கிரம் எழக்கூடத் தேவையில்லாமல் போயிற்று. முதலிலிருந்தே வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பழனி குரோம்பேட்டையில் ரயில் ஏறுவார். நான் தாம்பரத்தில் ஏறுவேன். பல வருடமாகத் தன் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பார். ஒருநாள் ஏறியபோது பை வழக்கம்போல இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஆள் வர்றாங்க மேடம்."

நின்றுகொண்டேன். வண்டலூர் போயிற்று, கூடுவாஞ்சேரி போயிற்று, பொத்தேரி போயிற்று. ஆள் யாரும் வரவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தப் பை மட்டும் உட்கார்ந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே ஸ்டேஷனில் இறங்கி, ஒரே கேட்டுக்குத் தனித்தனியாக நடந்தோம். அடுத்த நாளிலிருந்து நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன்.

ராஜினாமா செய்யவில்லை. நான் போனால் தொட்டியில் மறுபடி ஜில் தண்ணீர் விடுவார்கள் என்று தெரியும். ஓய்வு பெறும்வரை இருந்தேன். நல்ல வேலை செய்தேன். பண்டிகைக்கு ஒருவர் வீட்டுக்கும் கூப்பிடப்படாமல் செய்தேன். உண்மையைச் சொன்னால் ஊரே கைதட்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரும் தட்ட மாட்டார்கள். அது தெரிந்தே சொல்லுங்கள்.

சில வருடம் கழித்து நம் சங்கக் கூட்டத்தில் மேனேஜர் மேடையேறிப் பேசினார். அலுமினியத்தில் உள்ளிழுப்பைக் குறைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. வெந்நீரைப் பற்றி அழகாகவே பேசினார். பொங்கலுக்கு அறுத்த கட்டியின் இரண்டு பாதிகளையும் மேசை மேல் வைத்துக் காட்டினார். "எங்கள் ஷாப்பில் நாங்கள் கண்டுபிடித்தோம்" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். என் பெயர் வராதது எனக்குப் பொருட்டில்லை. மரியதாஸின் பெயர் வரும் என்று முட்டாள்தனமாகக் கடைசிவரை காத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மரியதாஸைத் தற்செயலாகப் பார்த்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை நிறுத்தவைக்கும் வேலையில் இருந்தார். காக்கிச் சட்டை, வாயில் விசில். அடையாளம் தெரிந்ததும் விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேறு ஷாப்களில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். கிண்டி, பெருங்குடி என்று அலைந்திருக்கிறார். எங்கே போனாலும் அவருக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. "'யாரு, வாழைப்பழமா?'ன்றான் மேடம். ட்ரயலு கூட குடுக்கமாட்றான்."

அந்த இரண்டு துண்டுகளைப் பற்றியும், தொட்டிக்குள் இறங்கிய குழாயைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். நடுவில் ஒரு கார் வந்தது. அதை ஓரமாக நிறுத்தவைத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டார். கேட்டு முடித்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. அத்தனை வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"இத்த எனுக்கு எதுக்கு மேடம் சொல்றீங்க? இங்க, கார் நடுவுல நின்னு சொன்னா எவனுக்குக் கேக்கும்? அத்தினி பேர் எதிர்ல என்னை வாழைப்பழம்னாரு. அத்தினி பேர் எதிர்ல சொல்லச் சொல்லுங்க, இவன் கை நல்ல கைதான்னு."

அவர் சொன்னதுதான் சரி. அதனால் இதை உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

புதியவர்களே, உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். வருடாந்திரக் கூட்டத்தில் நம் ஆலோசகர் மேடையில் இருக்கும்போது மரியதாஸைப் பற்றிக் கேளுங்கள். பல பேராகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்தாகிவிட்டது.

ஆலோசகர் அவர்களே, தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். போன் செய்ய வேண்டாம். மரியதாஸ் சேலையூரில்தான் இருக்கிறார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அரங்கில் உட்கார்ந்திருப்பார். மைக்கைப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: குற்றம் அவர் கையில் இருந்தது என்றால், அவரை அனுப்பிய பிறகு தொட்டியில் நீராவிக் குழாயை எதற்காக இறக்கினீர்கள்?